எண்ணெய் ஏறும் வரை

புது டீசல் இன்ஜினை முதன்முதலில் கிளப்புவதற்கு முன்னால் என்னென்ன செய்ய வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். அதுதான் என் பிழைப்பு. கம்பெனி ஜெனரேட்டரை விற்கும். லாரி கொண்டுபோய் இறக்கும். மேஸ்திரி மேடை கட்டி அதை உட்கார வைப்பார். அதற்குப் பிறகு நான் போவேன். ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், பேட்டரி, பெல்ட், டீசல் குழாயில் காற்று என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, இன்ஜினை ஓட வைத்துவிட்டு வருவேன். ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் முதலில் என்னை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். “சார் வரலையா மேடம்?” என்று என் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அந்தப் பேச்சு நின்றுவிடும். ஓடுகிற இன்ஜினுக்குப் பக்கத்தில் நின்று யாரும் யாரையும் கிண்டல் பண்ண முடியாது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். என் விஷயத்தில் உள்ளூர்க்காரர்கள் அப்படிச் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு உண்டு. அதனால்தான் எங்கள் தெருவின் கல்யாணக் கூடத்துக்கு ஜெனரேட்டர் வாங்கியிருக்கிறார்கள் என்று அலுவலகத்தில் தெரிந்ததும், வேறு ஆள் போவதாக இருந்ததை மாற்றி நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முழுக்கத் தறிக்காரர்கள். தெருக்கோடியில் இருக்கும் கூடம் அந்தக் குடும்பங்கள் சேர்ந்து கட்டியது. போன வருஷம் ஒரு கல்யாணத்தில் சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் கரண்ட் போய், வாடகைக்கு வந்திருந்த ஜெனரேட்டர் வண்டியும் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது. செல்போன் வெளிச்சத்தில்தான் தாலி ஏறியது. அபசகுனம் என்று பெண் வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் சொந்தமாக ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தார்கள்.

வேலைக்கு முதல் நாள் சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டேன். காலையில் எழுந்தபோது அந்த மாதத்தின் கணக்கு இரண்டு நாள் முந்திக்கொண்டிருந்தது தெரிந்தது. எங்கள் வீட்டில் அதை மறைக்க முடியாது. ஒரே ஒரு பெரிய அறை, அதில் பாதியைத் தறி பிடித்துக்கொள்ளும், மீதியில்தான் நாங்கள். அம்மா ஒன்றும் கேட்காமல் எனக்குத் தனி டம்ளரில் காப்பி கொடுத்தாள். தறியில் கல்யாணச் சேலை ஏறியிருந்தது. அப்பா அதில் உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கம் போகாமல் கதவோரமாக நின்று குடித்தேன். முப்பது வயதுக்கு மேல் ஆகியும், சென்னையில் தனியாக இருந்து சம்பாதித்தும், அந்தக் கதவோரம் போய் நிற்க என் கால்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“இன்னைக்கு நீ அங்க போவாதடி” என்றாள் அம்மா. “ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடு. வேற ஆள அனுப்புவாங்க இல்ல?”

“அது இன்ஜின்மா. சாமி இல்ல.”

“பூசை போட்டா சாமிதான்.”

“நான் மாசாமாசம் எத்தனை இன்ஜினைத் தொடறேன் தெரியுமா? அந்த இன்ஜினுக்கெல்லாம் தெரியுமா எனக்கு என்ன நாளுன்னு?”

அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவளிடம் பேச்சில் ஜெயிப்பது சுலபம். வாயைத் திறக்காமலே கடைசியில் அவள் ஜெயித்துவிடுவாள். நான் சீருடையை மாட்டிக்கொண்டு, கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

கூடத்தின் பின்பக்கம் சமையல்கட்டை ஒட்டி ஜெனரேட்டர் அறை. சந்து குறுகல் என்பதால் இரும்புக் குழாய்களை உருட்டி உருட்டி அதை உள்ளே கொண்டுவந்திருந்தார்கள். வரும் வழியில் சுவரில் இடித்துவிடும் என்று காற்று பில்டரைக் கழற்றித் தனியாக வைத்திருந்தார்கள். அது இருந்த இடத்தில் இன்ஜின் காற்றை இழுக்கும் வாய் திறந்து கிடக்கும் அல்லவா, அதை மூட வேண்டிய பிளாஸ்டிக் மூடி எங்கேயோ விழுந்துவிட்டது. எங்கள் தெரு ஆட்கள் என்ன செய்தார்கள் என்றால், அணில் புகுந்துவிடக் கூடாது என்று நல்ல மனதோடு ஒரு பிடி கழிவுப் பட்டு நூலை உருட்டி அந்த வாயில் அடைத்துவிட்டார்கள். மற்ற ஊர்களில் கந்தல் துணி வைப்பார்கள். எங்கள் ஊரில் பட்டு. அரக்கும் மஞ்சளுமாக நூல் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியே கிளப்பியிருந்தால் இன்ஜின் முதல் மூச்சிலேயே அத்தனையையும் உள்ளே இழுத்திருக்கும். பிறகு அதைப் பிரித்துப் போட்டு வைத்தியம் பார்க்க வேண்டியதுதான்.

அதை உடனே எடுக்கவில்லை. அறையைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். தூசி, சாம்பிராணிப் புகை, மஞ்சள் தண்ணீர் தெளிப்பு எல்லாம் பாக்கி இருந்தது. பூசை முடிந்ததும் என் கையாலேயே எடுத்துவிட்டு பில்டரை மாட்டிக்கொள்ளலாம், அதுவரை அடைப்பு இருப்பதே நல்லது என்று விட்டுவைத்தேன்.

மற்ற வேலைகள் நன்றாகவே நடந்தன. ஆயில் ஊற்றிக் குச்சியில் அளவு பார்த்தேன். ரேடியேட்டரை நிரப்பினேன். டீசல் குழாயின் சின்னத் திருகைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அழுத்தினேன். முதலில் நுரை நுரையாக வந்தது. காற்றெல்லாம் வெளியேறி, குமிழி இல்லாமல் டீசல் மட்டும் வழியத் தொடங்கியதும் திருகை இறுக்கினேன். கூடத்தின் எலெக்ட்ரீஷியன் கூடவே நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். எங்கள் தெருக்காரர்தான். நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். “பட்டனை அமுக்கிட வேண்டியதுதான” என்று கால் மணிக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சிக்கல் வந்தது. புது இன்ஜினின் உள்ளே எல்லாம் காய்ந்து கிடக்கும். கீழே ஊற்றிய ஆயில் மேலே எல்லா இடத்துக்கும் ஏறாமல் அதை ஓடவிட்டால் இரும்போடு இரும்பு தேய்ந்துவிடும். அதனால் டீசல் போகாமல் இருக்க ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியை வைத்து வெறுமனே சுற்ற விடுவோம். கொஞ்ச நேரம் சுற்றும், நிறுத்துவோம், மறுபடி சுற்ற விடுவோம். ஆயில் ஏறியதும் பேனலில் ஆயில் அழுத்தம் காட்டும் முள் அசையும். அதற்குப் பிறகுதான் ஒயரை மாட்டி உண்மையாகக் கிளப்புவது. இந்த வேலையை வழக்கமாக விருந்தாளிகள் வருவதற்கு முன்னாலேயே தனியாக முடித்துவிடுவேன். இங்கே விடவில்லை.

“நல்ல நேரத்துக்கு மின்னாடி அதை அசைக்கவே கூடாதும்மா” என்றார் கூடத்தின் தலைவர். “ஒரு சுத்து சுத்தினாலும் அதான மொத ஸ்டார்ட்டு. கெட்ட நேரத்துல ஸ்டார்ட் ஆன இன்ஜின்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான்.”

தாலி இருட்டில் ஏறிய கதை அவருக்கு மறக்கவில்லை. நான் அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். குருக்களும் வந்துவிட்டார், நான் சொன்னதை அவரும் நின்று கேட்டார். கடைசியில் தலைவரே வழி சொன்னார். “அதுக்கின்னாம்மா, ரெண்டையும் நல்ல நேரத்துக்குள்ளவே பண்ணிடு.” வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் இரண்டும் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுச் சரி என்றேன். முதலில் சுற்றும்போது இன்ஜின் கிளம்பாது, பதற வேண்டாம் என்று தலைவரிடமும் எலெக்ட்ரீஷியனிடமும் சொன்னேன். பூசைக்கு எல்லாரும் வந்து நின்றதும் கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவதாக இருந்தேன்.

ஒன்பதரைக்கு மேல் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆண்கள் அறைக்குள்ளும் பெண்கள் வாசலை ஒட்டியும் நின்றார்கள். அம்மாவும் வந்திருந்தாள். காலையில் போகாதே என்றவள், வெளுத்த பச்சைச் சேலையில், பெண்களுக்கு நடுவில், முகத்தில் பெருமையை மறைக்கத் தெரியாமல் நின்றிருந்தாள். யாரோ அவளிடம், “உன் பொண்ணா இதையெல்லாம் பூட்னது?” என்று கேட்பதும், அவள் “ஆமாக்கா, கம்பெனில அனுப்பிக்கிறாங்க” என்பதும் எனக்குக் கேட்டது. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நான் பேனல் மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திவிட்டு, மஞ்சள் தண்ணீரைக் கொஞ்சமாகத் தெளிக்கும்படி குருக்களிடம் கேட்டுக்கொண்டேன். டீசல் இருப்பதால் கற்பூரத்தை வாசலிலேயே காட்டிவிடுவதாக அவரே சொன்னார். இன்ஜினுக்கு மாலை போட்டார்கள்.

தலைவரின் மனைவி குங்குமத் தட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். தெருவில் எல்லாருக்கும் பெரியம்மா மாதிரி. நல்லது கெட்டது எதிலும் முன்னால் நிற்பவர். “நம்ம தெருப் பொண்ணு, நீயே பொட்டு வையிம்மா” என்று தட்டை நீட்டினார்.

நான் ஒரு அடி பின்னால் போனேன்.

காலையிலிருந்து அந்த இன்ஜினை நான் தொடாத இடம் இல்லை. முழங்கை வரை ஆயில். அப்போதெல்லாம் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அம்மாவிடம் அத்தனை வாய் பேசியவள் நான். ஆனால் குங்குமத் தட்டு முன்னால் வந்ததும் என் கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. “நீங்களே வைங்க பெரிம்மா” என்றேன். அந்த ஒரு அடியிலேயே அங்கிருந்த அத்தனை பெண்களுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அவர்கள் ஒவ்வொருவரும் என்றைக்காவது அப்படி ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தவர்கள்தான்.

பெரியம்மா தட்டைக் கீழே இறக்கினார். கெட்ட மனசோடு கேட்கவில்லை, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். அவர் குரல் தாழ்ந்தாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

“தப்பா எடுத்துக்காதம்மா. தூரம் கீரம் ஒண்ணும் இல்லியே?”

ஆண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் கூரையைப் பார்த்தார்கள். எலெக்ட்ரீஷியன் கையில் இருந்த ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. என் சம்பளம், என் படிப்பு, நான் ஓடவைத்த இன்ஜின்கள் எதுவும் அந்த நேரத்தில் எனக்குத் துணைக்கு வரவில்லை. பதின்மூன்று வயதுப் பெண் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆமாம் என்று சொன்னால் வெளியே போய் நிற்க வேண்டும். எலெக்ட்ரீஷியன் பட்டனை அழுத்துவார். அந்தப் பட்டு அடைப்பு இன்னும் இன்ஜின் வாயில் இருக்கிறது. வெளியே நின்றபடி அதை எடுங்கள், இதை மாட்டுங்கள் என்று சொல்லிக் கொடுத்திருக்க முடியும்தான். ஆனால் தெருவே பார்க்க, எதற்காக வெளியே நிற்கிறேன் என்று எல்லாருக்கும் தெரிய, அந்த வாசலில் நின்று வேலை சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா.”

அம்மாவின் குரல். பெண்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்திருந்தாள்.

“முந்தாநேத்துதான் தலைக்கு ஊத்திக்கினா. கை பூரா ஆயிலா இருக்குது, அதான் தட்டைத் தொட யோசிக்கிறா. இல்லடி? கையைத் தொடச்சிக்கினு பொட்டு வையி.”

வாசலில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அம்மா அதற்கு அந்தப் பக்கம் நின்று இதைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போகாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள், பால்காரரிடம்கூடப் பொய் சொல்லத் தெரியாதவள், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை. பெரியம்மா, “அதான, நானும் அதான் நெனச்சேன்” என்று தட்டை மறுபடி நீட்டினார். நான் கையைத் துடைத்துக்கொண்டு இன்ஜினுக்குப் பொட்டு வைத்தேன். பொட்டு கோணலாக விழுந்தது.

அதற்குப் பிறகு நான் கூட்டத்தின் பக்கம் திரும்பவே இல்லை. அவமானத்தில் எனக்கு ஒளிந்துகொள்ள இன்ஜின்தான் இருந்தது. அந்தப் பட்டு அடைப்பை ஒரு நூல்கூட மிச்சம் இல்லாமல் பிடுங்கி எடுத்தேன், உள்ளே விரல் விட்டுத் தடவிப் பார்த்தேன், பில்டரை மாட்டினேன். ஒயரைக் கழற்றி எலெக்ட்ரீஷியன் கையில் கொடுத்து, “நான் சொன்ன பிறகு மாட்டுங்கண்ணே” என்றேன். கூட்டத்துக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமானால் அந்த முகங்களைப் பார்க்க வேண்டும். பார்க்கப் பிடிக்கவில்லை. பட்டனை அழுத்தினேன்.

இன்ஜின் அனத்திக்கொண்டு சுற்றியது. கிளம்பவில்லை. நிறுத்தினேன்.

வெளியே பேச்சு நின்றது. மறுபடி அழுத்தினேன். மறுபடி அதே அனத்தல். முள் அசையவில்லை. புது இன்ஜினில் அப்படித்தான் இருக்கும், ஆயில் பில்டர் நிறைந்து, குழாயெல்லாம் நிறைந்து, பிறகுதான் ஏறும். இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார் சூடாகாமல் இருக்க இடையில் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன். எனக்கு அது வேலை. வாசலில் நின்றவர்களுக்கு அது ஒவ்வொரு தடவையும் தோல்வி.

“எடுக்கலியே” என்றது ஒரு குரல்.

“புது வண்டிங்கறாங்க.”

மூன்றாவது தடவை நின்றபோது பெரியம்மா சொன்னது தெளிவாகக் கேட்டது. “நான் அதுக்குத்தான் அப்பவே கேட்டேன்.”

எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு குரூரமான திருப்திகூட இருந்தது என்று சொல்ல வேண்டும். பேசுங்கள், நன்றாகப் பேசுங்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்கள் வாயை அடைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அவர்களில் ஒருத்தியாக அம்மாவும் அங்கே நிற்கிறாள், அவளுக்கும் இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது என் புத்தியில் ஏறவே இல்லை.

நாலாவது தடவை முள் மெதுவாக எழுந்தது. தலையை ஆட்டினேன், எலெக்ட்ரீஷியன் ஒயரை மாட்டினார். அடுத்த அழுத்தலில் இன்ஜின் ஒரு குலுங்கு குலுங்கிப் பிடித்துக்கொண்டது. குழாய் வழியாகக் கரும்புகை ஒரு கொத்து போய், பிறகு தெளிந்தது. கூடத்தின் விளக்குகள் எல்லாம் எரிந்தன. தலைவர் கைகூப்பினார். யாரோ பூசணிக்காயை உடைத்தார்கள். ஆயில் கசிகிறதா, பெல்ட் அலைகிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, பெரியம்மா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். அம்மாவைத் தேடினேன். காணவில்லை. சர்க்கரைப் பொங்கல்கூட வாங்காமல் போயிருந்தாள்.

மத்தியானம் வீட்டுக்குப் போனேன். மறுபடி அதே தனித் தட்டு, அதே கதவோரம். ஊருக்கு முன்னால் சுத்தமாக இருந்தவள், வீட்டுக்குள் வந்ததும் மறுபடி தூரம். எனக்கு இன்ஜின் ஓடிய மிதப்பு. சிரித்துக்கொண்டே கேட்டேன்.

“அங்க இல்லன்னு சொன்ன. இங்க மட்டும் இருக்குதா?”

“அங்க சொன்னது உனக்காவ” என்றாள் அம்மா. “சாப்புடு.”

அவள் கண் சிவந்திருந்தது. அடுப்புப் புகை என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அப்படியும் புகை என்றுதான் நினைத்தேன், ஏனென்றால் அப்படி நினைப்பது சௌகரியமாக இருந்தது. சாயங்கால பஸ்ஸில் சென்னைக்குக் கிளம்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு வேலை என்னை ஓசூர், கோயம்புத்தூர் என்று இழுத்துக்கொண்டு போனது. போனில் பேசும்போது அம்மா எப்போதும் போலத்தான் பேசினாள். அடுத்த மாதம் அந்த ஜெனரேட்டரின் முதல் சர்வீசுக்கு ஊருக்கு வந்தேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தால், ராட்டையின் முன்னால் ஒரு மொட்டைத் தலை குனிந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தது. தலை முழுக்கச் சந்தனம், காய்ந்து வெடித்துப் போயிருந்தது. நிமிர்ந்த பிறகுதான் அது அம்மா என்று தெரிந்தது.

அப்பா தறியில் இருந்தார். என்னைப் பார்த்தார், மறுபடி நெய்ய ஆரம்பித்துவிட்டார்.

“திருத்தணிக்குப் போய்க்கினு வந்தேன்” என்றாள் அம்மா, மார்க்கெட்டுக்குப் போய் வந்த மாதிரி.

“யாருக்கு வேண்டுதல்?”

“இன்ஜினுக்கு.”

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்தும்விட்டேன். அம்மா சிரிக்கவில்லை. ராட்டையிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்.

“அது எடுக்காம எடுக்காம நின்னுக்கினே இருந்துச்சு இல்ல. நான் சாமி மின்னாடி பொய் சொன்னேன், அதான் எடுக்கலன்னு நெனச்சிக்கினேன். எம் பொண்ணை எல்லாரும் பாக்கறாங்க. அவ பேரு கெட்டுடப் போவுது முருகா, எடுக்க வையி, என் முடியைத் தரேன்னு வேண்டிக்கினேன். ஒடனே எடுத்துச்சு.”

வெட்கம் என்று ஒரு சொல்தான் இருக்கிறது. பெரியம்மா என்னைக் கேட்டபோது எனக்கு வந்ததும் வெட்கம்தான், ஆனால் அது வேறு. அதில் மற்றவர்கள் மேல் கோபப்பட இடம் இருந்தது. இதில் கோபப்பட ஆளே இல்லை. வாசலில் நின்ற அந்தப் பெண் ஒவ்வொரு தடவை இன்ஜின் அனத்தி நிற்கும்போதும் என்ன பாடு பட்டிருப்பாள், பெரியம்மா சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு எப்படி நின்றிருப்பாள் என்று நினைக்க நினைக்க எனக்கு உடம்பு கூசியது. நான் அப்போது முள்ளைப் பார்த்துக்கொண்டு பழிவாங்கும் சுகத்தில் இருந்தேன்.

“அம்மா, அது எடுக்காம நிக்கல. நான்தான் எடுக்க வுடாம வெச்சிருந்தேன். ஒயரைக் கழட்டிட்டு ஆயிலுக்காகச் சும்மா சுத்த வுட்டேன். அது எப்பவும் செய்யறதுதான்.”

“தெரியும்” என்றாள். “எலெக்ட்ரீசியன் தம்பி ஃபேன் பாக்க வந்தப்ப சொல்லிச்சு.”

“எப்ப?”

“திருத்தணிக்குப் போறதுக்கு மொத நாளு.”

“தெரிஞ்சும் ஏம்மா போன?”

“வேண்டிக்கினப்ப தெரியாதே” என்றாள். “முருகங்கிட்டப் போயி, எனக்கு மெஷின் தெரியாது, தப்பா வேண்டிக்கினேன், முடியைத் திருப்பிக் குடுன்னு கேக்கறதா?”

நூல் அறுந்தது. நிறுத்தி முடிச்சுப் போட்டாள். முடிச்சுப் போட்டு முடித்த பிறகு, ராட்டையைச் சுற்றாமல் என்னைப் பார்த்தாள்.

“தலைவருக்குச் சொன்னியாம், மொதல்ல எடுக்காதுன்னு. அந்தத் தம்பிக்குச் சொன்னியாம். ஐயருக்குக்கூடத் தெரியுமாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பயந்திருக்க மாட்டேன் இல்லடி?”

கோபமாகக் கேட்கவில்லை. பதில் இருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டாள். கூட்டத்துக்குச் சொல்வதாக இருந்தேன், அதற்குள் பெரியம்மா அப்படிக் கேட்டதில் எல்லாம் மறந்துவிட்டது என்று ஏதோ சொன்னேன். அது முழுப் பொய் இல்லை. ஆனால் காலையில் அவள் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டு அவளோடு வாதாடினேனே, அந்த அரை மணி நேரத்தில், அன்றைக்கு அங்கே நான் என்ன செய்யப் போகிறேன் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும் என எனக்குத் தோன்றவே இல்லை.